பிரதியிடல் முறை

பிரதியிடல் முறை என்பது இரு மாறிகளில் அமைந்த இரண்டு நேரிய சமன்பாடுகளைத் தீர்க்கும் இயற்கணித வழிகளுள் ஒன்று. ஒரு சமன்பாட்டிலிருந்து ஒரு மாறியின் மதிப்பை மற்ற மாறியின் வாயிலாக எழுதி, அதை இன்னொரு சமன்பாட்டில் இடுவதே இதன் சாரம். இரண்டு அறியா அளவுகள் கொண்ட கணக்கு இதனால் ஒரே அறியா அளவு கொண்ட கணக்காகச் சுருங்குகிறது. தமிழ்நாட்டில் 9ஆம் வகுப்புக் கணக்குப் பாடத்தில் வரைபட முறை, நீக்கல் முறை, குறுக்குப் பெருக்கல் முறை ஆகியவற்றோடு இதுவும் கற்பிக்கப்படுகிறது.

செய்முறை

1. இரு சமன்பாடுகளுள் எளியதைத் தேர்ந்து, ஒரு மாறியைத் தனியே ஒரு பக்கம் பிரித்தெழுத வேண்டும்.
2. கிடைத்த கோவையை மற்றச் சமன்பாட்டில் அம்மாறிக்குப் பதிலாக இட வேண்டும்.
3. ஒரு மாறி மட்டும் எஞ்சும் சமன்பாட்டைத் தீர்க்க வேண்டும்.
4. அம்மதிப்பை முதற்படியில் எழுதிய கோவையில் இட்டு, மற்ற மாறியைக் காண வேண்டும்.
5. இரு மதிப்புகளையும் மூலச் சமன்பாடுகள் இரண்டிலும் இட்டுச் சரிபார்க்க வேண்டும்.

எடுத்துக்காட்டு: பாஸ்கரரின் கணக்கு

இரண்டாம் பாஸ்கரரின் பீஜகணிதத்தில் இரு நண்பர்களின் செல்வம் பற்றிய கணக்கு ஒன்று உள்ளது. “நீ 100 தந்தால் என் செல்வம் உன்னுடையதைப் போல் இரு மடங்காகும்” என்கிறார் முதலாமவர். “நீ 10 தந்தால் என்னுடையது உன்னுடையதைப் போல் ஆறு மடங்காகும்” என்கிறார் மற்றவர். முதலாமவரின் செல்வம் யா, மற்றவரின் செல்வம் கா எனக் கொண்டால்:

யா + 100 = 2(கா − 100)
கா + 10 = 6(யா − 10)

முதற்சமன்பாட்டைச் சுருக்கினால் யா = 2கா − 300. இரண்டாவதைச் சுருக்கினால் கா = 6யா − 70. இதில் யா இருக்கும் இடத்தில் 2கா − 300 என இட:

கா = 6(2கா − 300) − 70
கா = 12கா − 1870
11கா = 1870

எனவே கா = 170; யா = 2 × 170 − 300 = 40. சரிபார்ப்பு: 40 + 100 = 140, இது 170 − 100 = 70இன் இரு மடங்கு; 170 + 10 = 180, இது 40 − 10 = 30இன் ஆறு மடங்கு.

பாஸ்கரர் இதை ஒரே அறியா அளவைக் கொண்டு முடித்தார். இருவர் செல்வத்தையும் 2யா − 100, யா + 100 என்று அவர் வைத்துக்கொண்டதால் முதல் நிபந்தனை தானாகவே நிறைவேறிவிடுகிறது. (இங்கே யா என்பது செல்வத்தின் அளவு அல்ல, துணைக்கு எடுத்த ஓர் எண்.) இரண்டாம் நிபந்தனையிலிருந்து 12யா − 660 = யா + 110 என வருகிறது; யா = 70; செல்வங்கள் 40, 170. பிரதியிடும் வேலையை அவர் கணக்கை அமைக்கும்போதே செய்து முடித்துவிட்டார்.

ஏன் சரியாகிறது

தீர்வு என்பது இரு சமன்பாடுகளையும் ஒருசேர நிறைவு செய்யும் எண் சோடி. அந்தச் சோடிக்கு யா, 2கா − 300 ஆகிய இரண்டும் ஒரே எண். ஆகவே ஒன்றின் இடத்தில் மற்றொன்றை இடுவதால் எந்தத் தீர்வும் இழக்கப்படுவதில்லை. பிரித்தெழுதிய கோவையை இறுதிவரை கையில் வைத்திருப்பதால் புதிய தீர்வு எதுவும் நுழைவதுமில்லை.

கோவையை, அது பிறந்த அதே சமன்பாட்டில் திரும்ப இட்டால் 0 = 0 என்றுதான் வரும். அந்தச் சமன்பாடு சொன்ன செய்தி ஏற்கெனவே கோவைக்குள் அடங்கிவிட்டது. மாறியின் மதிப்பைத் தர அதில் புதிதாக ஒன்றும் இல்லை. இப்படி அதே சமன்பாட்டில் இடுவது மாணவர் அடிக்கடி செய்யும் பிழை. கழித்தல் குறியை அடுத்து இடும் கோவையை அடைப்புக்குறிக்குள் எழுதாமல் குறிகளைத் தவறவிடுவது இன்னொன்று.

மூன்று நிலைகள்

வரைபடத்தில் ஒவ்வொரு நேரிய சமன்பாடும் ஒரு நேர்கோடு. கோடுகள் ஒரு புள்ளியில் வெட்டினால் ஒரே தீர்வு கிடைக்கும். இணைகோடுகளானால் பிரதியிட்டதும் மாறி மறைந்து 0 = 5 போன்ற பொய்க்கூற்று எஞ்சும்; தீர்வு இல்லை. இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று பொருந்தும் கோடுகளானால், வெவ்வேறு சமன்பாடுகளைப் பயன்படுத்தியபோதும் 0 = 0 என வரும்; எண்ணற்ற தீர்வுகள் உண்டு.

எப்போது ஏற்றது

ஏதேனும் ஒரு மாறியின் கெழு 1 அல்லது −1 ஆக இருந்தால் இம்முறை விரைவாக முடியும். இல்லையேல் பெரும்பாலும் பின்னங்கள் புகும். ஏறத்தாழ 850இல் மகாவீரர் இயற்றிய கணிதசாரசங்கிரகத்தில் வரும் பழக் கணக்கு இதற்குச் சான்று: 9 நாரத்தம்பழமும் 7 விளாம்பழமும் சேர்ந்து விலை 107, 7 நாரத்தையும் 9 விளாவும் சேர்ந்து 101. பிரதியிட்டால் விளாம்பழத்தின் விலையை ஏழைப் பகுதியாகக் கொண்ட பின்னமாக எழுத நேரும். மாறாக, இரண்டையும் கூட்டினால் 16 சோடிகளின் விலை 208, ஒரு சோடி 13. கழித்தால் இரண்டு நாரத்தை இரண்டு விளாவைவிட 6 கூடுதல், அதாவது ஒன்றுக்கு 3. நாரத்தை 8, விளா 5 என்று உடனே தெரிகிறது. இத்தகைய கணக்குகளுக்கு நீக்கல் முறையே எளிது.

வரலாறு

பண்டைச் சீனாவின் ‘கணிதக் கலையின் ஒன்பது அத்தியாயங்கள்’ நூலின் எட்டாம் அத்தியாயம், கெழுக்களை அட்டவணையாக அடுக்கி நீக்கல் வழியில் தீர்க்கிறது. இந்தியாவில் பிரம்மகுப்தர் 628இல் பல அறியா அளவுகளை நிறப்பெயர்களால் சுட்டினார். 1150இல் பாஸ்கரர் யாவத்தாவத், காளகம், நீலகம் முதலிய பெயர்களின் முதலெழுத்துகளைக் குறியீடாகப் பயன்படுத்தினார். மேலே ஆளப்பட்ட யா, கா இரண்டும் அவர் பயன்படுத்தியவை. ஒரே அறியா அளவின் மதிப்பை இரு சமன்பாடுகளிலிருந்தும் கண்டு, அம்மதிப்புகளைச் சமப்படுத்தும் வழியையும் அவர் விளக்குகிறார். ஐரோப்பாவில் நியூட்டனின் ‘பொது எண்கணிதம்’ (1707) மதிப்புகளைச் சமப்படுத்துவதையும் பிரதியிடுவதையும் தனித்தனி விதிகளாகத் தருகிறது.

நேரியல் அல்லாத சமன்பாடுகளில்

நீக்கல் முறை பெரும்பாலும் நேரிய சமன்பாடுகளுக்கே வசதியானது. பிரதியிடல் அதற்கு அப்பாலும் செல்லும். யா² + கா² = 25 என்ற வட்டமும் கா = யா + 1 என்ற கோடும் வெட்டும் இடங்களைக் காண, காவின் மதிப்பை வட்டத்தின் சமன்பாட்டில் இட்டால் யா² + யா − 12 = 0 என்ற இருபடிச் சமன்பாடு கிடைக்கும். யா = 3 அல்லது −4; வெட்டும் புள்ளிகள் (3, 4), (−4, −3).