கன்சோல் போர்டு சீரமைப்பு: சிப் போட்டதில் வரும் பழுதுகள்

தயாரிப்பாளர் வைத்த பூட்டைத் தாண்டுவதற்காக வீடியோ கேம் கன்சோலுக்குள் கூடுதல் சிப் ஒன்றைப் பற்றவைக்கும்போது மின்சுற்றுப் பலகை சேதமடைவதுண்டு. அந்த போர்டை மீட்டெடுக்கும் தொழில் சென்னையில் துறைமுகத்தை ஒட்டிய பர்மா பஜாரையும் அண்ணா சாலைப் பக்கத்து ரிச்சி தெருவையும் சார்ந்து வளர்ந்தது. 1962-இல் பர்மாவில் ராணுவ ஆட்சி வந்தது. அடுத்த ஓரிரு ஆண்டுகளில் கடைகளும் வியாபாரங்களும் அரசுடைமையாயின. பிழைப்பிழந்து திரும்பிய தமிழர்களுக்காக 1969-இல் ராஜாஜி சாலையோரம் பர்மா பஜார் அமைந்தது. வெளிநாட்டு மின்னணுச் சாமான்களுக்குப் பேர்போன அந்தக் கடைவரிசை இருக்கும் அதே சாலைப் போக்கில்தான் வடசென்னையின் ராயபுரமும் திருவொற்றியூரும் உள்ளன. உலகெங்கும் 15 கோடிக்கு மேல் விற்ற பிளேஸ்டேஷன் 2-இன் காலத்தில், சிப் போட்டுத் தருவது தனி வேலையாகவே ஆனது. அந்த வேலையில் கெட்ட போர்டைக் குப்பையில் போடுவதும் வேறு போர்டு மாட்டிவிடுவதும் இன்று சுலபமான வழியாகத் தெரிகின்றன. ஆனால் கன்சோலுக்கு ஏற்படக்கூடிய பழுதுகளிலேயே சரிசெய்ய வாய்ப்பு அதிகமுள்ளது இதுதான்.

காரணம், பழுது எங்கே இருக்கிறது என்பது முன்கூட்டியே தெரியும். மழைநீர் புகுந்த போர்டிலோ வயதாகிச் செத்த போர்டிலோ ஆயிரம் இடங்களைச் சந்தேகிக்க வேண்டும். சிப் போட்ட போர்டிலோ கை பட்ட இடங்கள் ஒரு சில. முதல் பிளேஸ்டேஷனுக்குச் சில கம்பிகள் போதும். தட்டின் வட்டார அடையாள எழுத்துகளைப் போலியாக அனுப்புவது மட்டுமே அந்தச் சிப்பின் வேலை. பிளேஸ்டேஷன் 2-க்கு வந்த சிப்புகள் பலவற்றுக்கு இருபதுக்கும் மேற்பட்ட கம்பிகள் தேவைப்பட்டன. 2017-இல் வந்த நிண்டெண்டோ ஸ்விட்சில் கம்பி குறைவு என்றாலும், வேலை பிராசஸரை ஒட்டிய மிகச் சிறிய கெப்பாசிட்டர்களின் மேல் நடக்கிறது. கை சற்று நடுங்கினாலும் அவை பெயர்ந்து வந்துவிடும். சேதத்தின் வேர் பெரும்பாலும் சூடும் இழுவையும்தான். போர்டின் செப்புப் பட்டை சுமார் 35 மைக்ரான் தடிமன் உள்ளது. அதை இழைக்கண்ணாடிப் பலகையோடு பிடித்து வைத்திருப்பது எப்பாக்ஸிப் பிசின். சூடு மிஞ்சினால் பிசின் இளகும். அந்த நிலையில் கம்பியை இழுத்தால், அது பற்றியிருக்கும் செப்புத் திட்டான பேடு அப்படியே உரிந்து வரும். 2006 ஜூலையில் காரீயத்துக்கு ஐரோப்பிய ஒன்றியம் விதித்த தடை நடப்புக்கு வந்தபின் கன்சோல் தயாரிப்பு காரீயமில்லாத பற்றுக்கு மாறியது. பழைய பற்று 183 டிகிரி செல்சியஸில் உருகும், புதியதற்கு ஏறத்தாழ 217 டிகிரி வேண்டும். டிவி, ரேடியோ போர்டுகளில் பழகிய கை அதே கணக்கில் பற்றவைக்கும் இரும்பை வைக்கும்போது பற்று உருகாது. அழுத்திப் பிடித்தால் பேடுதான் போகும்.

மீட்பு வேலை பொறுமையைக் கேட்கிறது, புதிர் எதுவும் இல்லை. முதலில் போட்ட சிப்பைக் கழற்றி, பழைய ஃபிளக்ஸைத் துடைத்து, கன்சோலைச் சிப் இல்லாத நிலைக்குக் கொண்டுவர வேண்டும். அரைகுறை வேலையின் மேல் இன்னொரு வேலை செய்யக் கூடாது. பேடு உரிந்த இடத்தில் அதற்குப் போகும் செப்புப் பாதையான டிராக்கைப் பூதக்கண்ணாடி வைத்துத் தேடி, பச்சைப் பூச்சை ஊசி முனையால் இரண்டு மில்லிமீட்டர் அளவுக்குச் சுரண்டினால் செப்பு மினுங்கும். அதில் துளி ஃபிளக்ஸ் வைத்து, ஈயம் பூசி, தலைமுடி பருமனுள்ள எனாமல் கம்பியைப் பற்றவைத்து மறுமுனையைப் பாகத்தின் காலில் சேர்க்கிறார்கள். பிறகு புற ஊதா ஒளியில் இறுகும் பூச்சு ஒரு சொட்டு விட்டால் கம்பி அசையாது. மல்டிமீட்டரின் பீப் சத்தம் பாதை சேர்ந்ததைச் சொல்லும். பக்கத்துக் காலோடு ஒட்டவில்லை என்பதையும் தனியே பார்த்தாக வேண்டும். ஷார்ட் இருந்தால் வேறு முறை. அந்த மின்பாதையின் இயல்பான அளவைத் தாண்டாமல் ஒரு வோல்ட் போலக் குறைந்த அழுத்தம் கொடுத்து, போர்டின் மேல் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தடவினால், ஷார்ட்டான பாகம் சூடாகி அதன் மேல் மட்டும் ஈரம் முதலில் உலரும். விலை உயர்ந்த வெப்பக் கேமரா இல்லாத கடையிலும் நடக்கக்கூடிய சோதனை இது.

இத்தனை பாடு எதற்கு, வேறு போர்டு ஒன்று வாங்கி மாட்டினால் தீராதா என்று கேட்கலாம். பிளேஸ்டேஷன் 2 போன்ற பழைய பெட்டிகளில் தீரும். அங்கே கூலியைவிட இன்னொரு பெட்டி மலிவாகவும் கிடைக்கலாம். அதற்குப் பிந்திய கன்சோல்களில் அந்தக் கணக்கு செல்லாது. எக்ஸ்பாக்ஸ் 360-இன் தட்டு இயக்கி அதன் போர்டோடு ரகசியச் சாவியால் இணைக்கப்பட்டது. பிளேஸ்டேஷன் 4-லும் அப்படியே. போர்டை மாற்றினால் கன்சோல் இயங்கும், ஆனால் தட்டைப் படிக்காது. ஸ்விட்சின் நினைவகம் அந்தந்தப் பெட்டிக்கே உரிய சாவியால் பூட்டப்பட்டிருப்பதால், பிள்ளை பல மாதம் ஆடிச் சேர்த்த விளையாட்டுப் பதிவும் பழைய போர்டோடு போய்விடும். ஆகவே பழைய போர்டைச் சரிசெய்வதே முழுத் தீர்வு.

கடற்காற்றில் ஒட்டுக்கம்பி நிலைக்குமா என்பது வடசென்னையில் நியாயமான கேள்வி. ராயபுரம் முதல் எண்ணூர் வரை உப்பு ஈரக்காற்று வீசுகிறது. எண்ணூர்ப் பக்கம் அனல்மின் நிலையச் சாம்பலும் கந்தகப் புகையும் சேர்கின்றன. கன்சோலின் விசிறி அந்தக் காற்றைத்தான் உள்ளே இழுக்கிறது. ஆனால் இந்தக் காற்று முதலில் தாக்குவது துடைக்காமல் விட்ட ஃபிளக்ஸையும் திறந்து கிடக்கும் செப்பையும். ஃபிளக்ஸ் எச்சம் ஈரத்தை உறிஞ்சி, சில மாதங்களில் பச்சைக் களிம்பு பிடித்து, நெருங்கிய கால்களுக்கிடையே மின்கசிவை உண்டாக்கும். கழுவி, உலர்த்தி, பூச்சு மூடிய கம்பிக்கு அந்தச் சங்கடம் குறைவு. ஒட்டு விட்டுப்போகிறது என்ற குறை பெரும்பாலும் கழுவாமல் கொடுத்த வேலையைப் பற்றியது. கம்பி முறையை அதற்காகப் பழிப்பது சரியல்ல. இந்தப் பகுதியில் சுத்தம் செய்வதற்கும் கூலியில் பங்கு வைக்க வேண்டும், வாடிக்கையாளரும் அதைக் கேட்டு வாங்க வேண்டும்.

சட்டத்தை முன்வைத்தும் ஒரு மறுப்பு உண்டு. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012 திருத்தம் சேர்த்த 65ஏ பிரிவு, உரிமையை மீறும் நோக்கத்தோடு தொழில்நுட்பப் பூட்டைத் தகர்ப்பதற்கு இரண்டாண்டு வரை சிறையும் அபராதமும் விதிக்கிறது. தமிழ்நாடு 2004-இல் குண்டர் தடுப்புச் சட்டத்தையே வீடியோ திருட்டுக்கு நீட்டியது. களவுத் தட்டு ஆடுவதற்காகச் சிப் போடுவதை இந்தக் கட்டுரை நியாயப்படுத்தவில்லை. சிப்பைக் கழற்றி அறுந்த டிராக்கைச் சேர்ப்பதோ பூட்டை மீண்டும் இயங்கவைக்கும் வேலை. இரண்டையும் ஒன்றாகப் பார்த்தால் கடைக்காரர் போர்டைத் தொடவே அஞ்சுவார், அது குப்பைக்குத்தான் போகும். ஒன்றிய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கான இணையதளத்தைத் தொடங்கியதும், 2023 ஏப்ரலில் புதிய மின்கழிவு விதிகள் நடப்புக்கு வந்ததும் அந்த அச்சத்துக்கு எதிர்த்திசையில் செல்பவை.

மீட்க முடியாத போர்டும் உண்டு. பிராசஸரின் மூலை உடைந்திருந்தால் அதன் சாவியும் அதோடு போயிற்று. சூட்டில் போர்டு கருகி உள்ளடுக்குகள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தால் மேலே எத்தனை கம்பி இழுத்தாலும் பயனில்லை. அத்தகைய போர்டிலும் கெப்பாசிட்டர், மாஸ்ஃபெட், சாக்கெட் எல்லாம் நல்லபடியாக இருக்கும். அடுத்த போர்டுக்கு உதிரிபாகம் அங்கிருந்துதான் வர வேண்டும்.