சீட்டு தராத பெட்டி

மலருக்குக் கட்டுரை கேட்டார்கள். விடுதிக் கதையை எல்லாரும் எழுதுவார்கள் என்பதால், நான் ஒரு பிழையின் வரலாற்றை எழுதுகிறேன். அதில் என் அசட்டுத்தனமும் கொஞ்சம் சேர்ந்திருக்கிறது.

நான் கொல்லிமலை எடப்புளி நாட்டுக்காரன். 1999 பிப்ரவரி, மிளகுப் பருவம். மலையடிவாரத்துக் கொள்முதல் கூடம் ஒன்றில் மின்னணுத் தராசைக் கம்ப்யூட்டரோடு இணைத்து, எடைச் சீட்டு அச்சடிக்கும் புரோகிராம் எழுதிக் கொடுத்தேன். ஒவ்வொரு எடைக்கும் தராசு 16 எழுத்து அனுப்பும். முதல் நாள் மூட்டை மேல் மூட்டை வைத்தார்கள், சீட்டு வரவில்லை. 32-வது மூட்டை வைத்ததும் 32 சீட்டும் ஒரே மூச்சில் கொட்டின!

கணக்குப் போட்டுப் பாருங்கள்: 32 × 16 = 512. நான் ‘எஃப்ரீட்’டிடம் 512 எழுத்து கேட்டிருந்தேன். கேட்டது முழுதும் சேராமல் அது திரும்பாது. காரவள்ளியில் நிற்கும் ஜீப்காரர் மாதிரி: “ஆள் நிறைஞ்சாத்தான் எடுப்பேன்.” அதற்குள் வண்டியில் உட்கார்ந்தவர் பாடு அவர் பாடு.

இந்த 512 எங்கிருந்து வந்தது? பழைய காலத்தில் உள்ளீடு என்றால் அட்டையும் நாடாவும்தான். சென்னை ஐ.ஐ.டி.க்கு 1973-இல் வந்த ஐ.பி.எம். 370/155 இயந்திரத்துக்கும் அட்டை அடித்துத்தான் கொடுத்தார்கள். ஓர் அட்டைக்கு 80 எழுத்து, மொத்தமாகப் போகும். எதிரே யாரும் காத்து நிற்கவில்லை. மொத்தமாகப் படிப்பதால் நஷ்டமும் இல்லை. யூனிக்ஸில் வட்டுக் கட்டம் 512 பைட். எழுத்துக்கு ஒருமுறை கெர்னலைத் தட்டி எழுப்பினால் நேரம் பாழ். அதனால் மொத்தமாக வாங்கி பஃபரில் வைத்துக்கொண்டு, சில்லறையாகக் கொடுக்கும் நூலகம் வந்தது. பெல் ஆய்வகத்தில் மைக் லெஸ்க் எழுதியதை டென்னிஸ் ரிச்சி திருத்தி அமைத்தார். 1979-இல் யூனிக்ஸ் ஏழாம் பதிப்போடு அது ‘ஸ்டாண்டர்டு ஐ.ஓ.’வாக வெளிவந்தது. நம் வீட்டுக் குதிர் போலத்தான்: தினம் களத்துக்கு ஓட வேண்டாம்.

அடியில் இருக்கும் ‘ரீட்’ அப்படியில்லை. வந்தது எவ்வளவோ அதைக் கொடுத்துவிட்டுப் போய்விடும். ‘எஃப்ரீட்’தான் பிடிவாதக்காரர். நான் அதை எடுத்துவிட்டு, வரி வரியாகப் படிக்கும் ‘எஃப்கெட்ஸ்’ போட்டேன். சீட்டு உடனுக்குடன் வந்தது. அன்று இரவு பெருமையாகத் தூங்கினேன்!

அப்புறம் குமாஸ்தா, “தப்பா வச்ச எடையை ரத்து பண்ண ஒரு விசை வேணும் சார்” என்றார். தராசையும் விசைப்பலகையையும் ஒரே நேரத்தில் கவனிக்க ‘செலக்ட்’ இருக்கவே இருக்கிறது, 1983-இல் பெர்க்லியின் 4.2 பி.எஸ்.டி.யில் வந்தது. சேர்த்தேன். அடுத்த வாரம் என் சித்தப்பா 18 கிலோ வைத்தார். கைக்கு வந்த சீட்டில் 11 கிலோ.

சித்தப்பா சத்தம் போடவில்லை. “ஏன் தம்பி, மூட்டை இளைச்சிடுச்சா, இல்ல உன் பொட்டிக்குக் கண்ணு தெரியலையா?” என்றார். பின்னால் நின்றவர்கள் சிரிக்கவில்லை. எடையில் ஏமாந்த அனுபவம் உள்ளவர்கள் அவர்கள். ஏழு கிலோ மிளகு என்றால் சும்மாவா?

இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். தினமும் நடந்தால் பிடித்துவிடலாம். இது எப்போதாவதுதான் நடந்தது. கடைசியில் அச்சுப்பொறியின் கரகர சத்தம்தான் காட்டிக் கொடுத்தது. ஒரு சீட்டு அச்சாகும் நேரத்துக்குள் இரண்டு எடை வந்துவிட்டால், நூலகம் இரண்டு வரியையும் தன் பஃபருக்குள் வாங்கிக்கொள்கிறது. ‘எஃப்கெட்ஸ்’ முதல் வரியை மட்டும் தருகிறது. ‘செலக்ட்’ கெர்னலைத்தான் எட்டிப் பார்க்கும். நூலகத்தின் பஃபர் அதன் கண்ணுக்குத் தெரியாது. “ஒன்றும் வரவில்லை” என்று காத்திருக்கிறது. அடுத்தவர் மூட்டை வைத்த பிறகுதான் தேங்கிய சீட்டு முதலில் வரும், அதுவும் அடுத்தவர் கைக்கு! சித்தப்பா கையில் இருந்தது அவருக்கு முன்னால் நின்றவரின் 11 கிலோ.

திருத்தம் முப்பது வரிகூட இல்லை. நூலகத்தை விட்டுவிட்டு, ‘ரீட்’ தந்ததை என் பஃபரின் வாலில் சேர்த்தேன். முழு வரிகள் எத்தனை இருக்கிறதோ அத்தனையையும் வெட்டி எடுத்து அச்சிட்ட பிறகே மறுபடி ‘செலக்ட்’டுக்குப் போவது, அரைகுறை வரியை அடுத்த சுற்றுக்கு வைத்துக்கொள்வது. அவ்வளவுதான்.

தம்பிகளே, இது தாத்தா காலத்துக் கதை என்று நினைக்க வேண்டாம். பைத்தான் 2-இல் கோப்பை ‘ஃபார்’ சுற்றில் வரி வரியாகப் படித்தால், அது உள்ளுக்குள் முன்கூட்டியே மொத்தமாக வாங்கிக்கொண்டு வரியைத் தராமல் உட்கார்ந்திருக்கும். 2008 டிசம்பரில் வந்த 3.0-இல் உள்ளீட்டு நூலகத்தையே புதிதாகக் கட்டினார்கள். பஃபர் வைத்தும், அடியில் ஒரு தடவைக்கு மேல் கேட்காமல், கிடைத்ததோடு திரும்பும் ‘ரீட்1’ என்ற வழி அதில் இருக்கிறது. 1999-இல் நான் கையால் செய்ததும் ஏறக்குறைய அதுதான்.

திருத்திய பிறகு தப்புச் சீட்டு வரவில்லை. ஆனாலும் அந்தப் பருவம் முடியும்வரை, சித்தப்பா வீட்டிலேயே எடை போட்டு, கரித்துண்டால் மூட்டை மேல் எழுதிக்கொண்டுதான் மலையிறங்கினார்.