தன்ராஜ் பிள்ளை
தன்ராஜ் பிள்ளை (பிறப்பு: 16 ஜூலை 1968, கட்கி, புனே): இந்திய ஹாக்கி முன்கள வீரர், தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். தந்தை நாகலிங்கம் படைக்கலத் தொழிற்சாலையின் மைதானத்தைப் பராமரித்தவர். அந்தத் தொழிற்சாலைக் குடியிருப்பின் புழுதித் தரையில், பிறர் தூக்கியெறிந்த உடைந்த மட்டைகளை வைத்துக்கொண்டுதான் தன்ராஜ் ஆடப் பழகினார். பின்னாளில் எதிரணித் தடுப்பாட்டக்காரர்களைத் திணறடித்த ஓட்டம் அங்கே உருவானது.

1989-இல் இந்திய அணிக்கு வந்தார். நான்கு ஒலிம்பிக், நான்கு உலகக் கோப்பை, நான்கு ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் ஆடினார். 1998-இல் பாங்காக் ஆசிய விளையாட்டுப் போட்டியில் அவர் தலைமையில் இந்தியா தங்கம் வென்றது. ஆனால் விரைவிலேயே அவரை அணியிலிருந்து நீக்கினார்கள். இந்திய ஹாக்கி வரலாற்றில் இது மன்னிக்க முடியாத அநீதி.

வட அமெரிக்காவில் ஐஸ் ஹாக்கிக்குச் சம்பளம் தரும் லீக் 1904-லேயே தொடங்கிவிட்டது. இந்திய ஹாக்கி வீரருக்கோ நெடுங்காலம் அலுவலக வேலைதான் சோறு போட்டது. வெளிநாட்டு கிளப்புகளுக்குத் தொழில்முறையாக ஆடிய முன்னோடிகளில் தன்ராஜ் ஒருவர்: பிரான்சின் லியோன், ஜெர்மனியின் ஸ்டட்கார்ட் கிக்கர்ஸ், டாக்காவின் அபாஹனி, மலேசிய அணிகள். கேல் ரத்னா, பத்மஸ்ரீ விருதுகள் பெற்றவர்.