பன்னீர்த் திராட்சை

மஸ்கட் ஹாம்பர்க் என்ற கருநீலத் திராட்சை வகைக்குத் தமிழ்நாட்டில் வழங்கும் பெயர் பன்னீர்த் திராட்சை. தேனி மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்கில் பந்தலில் படரவிட்டுப் பெருமளவில் பயிரிடுகிறார்கள். கொட்டையுள்ள பழம், தோலின் மேல் சாம்பல் பூத்தாற்போல் மெல்லிய மெழுகுப் படலம் இருக்கும், விரலால் தேய்த்தால் கருநீலம் பளிச்சிடும்.

பெயரில் ஹாம்பர்க் இருந்தாலும் இது ஜெர்மனியில் பிறந்ததன்று. இங்கிலாந்தின் பெட்ஃபோர்ட்ஷயரில், டி கிரே பிரபுவுக்குச் சொந்தமான ரெஸ்ட் பார்க் மாளிகையின் தோட்டக்காரர் சீவார்ட் ஸ்னோ 1850 வாக்கில் உருவாக்கிய கலப்பினம் இது. பெற்றோர் பிளாக் ஹாம்பர்க்கும் மஸ்கட் ஆஃப் அலெக்சாண்ட்ரியாவும் என்பதைப் பிற்கால மரபணுச் சோதனைகள் உறுதிசெய்துள்ளன.

பிளாக் ஹாம்பர்க்கும் ஹாம்பர்க்குக்கு வந்தேறிதான். ஆல்ப்ஸ் மலைத்தொடரின் டைரோல் பகுதியில் ஸ்கியாவா குரோசா என்றும், ஜெர்மனியில் ட்ரோலிங்கர் என்றும் அழைக்கப்படும் பழைய வகை அது. 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஜான் வார்னர் என்ற லண்டன் வணிகர் அதை ஹாம்பர்க்கிலிருந்து தருவித்தார். கப்பலேறிய ஊரின் பெயரே பழத்துக்கும் நிலைத்தது. லண்டனுக்கு அருகே ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையில் 1768இல் நட்ட பிளாக் ஹாம்பர்க் கொடி இன்றும் காய்க்கிறது.

‘மஸ்கட்’ என்பது ஓமன் தலைநகரைக் குறிப்பதன்று; மணமுள்ள திராட்சைக் குடும்பம் ஒன்றின் பெயர். ரோஜாவில் உள்ள ஜெரானியால் போன்ற மணப்பொருள்கள் இக்குடும்பத்துப் பழங்களிலும் உண்டு. பன்னீர் என்ற தமிழ்ப் பெயருக்கு இந்த வாசமே காரணம். இப்பழம் இந்தியில் ‘குலாபி’ என்றும், சீனாவில் ரோஜா மணம் எனப் பொருள்படும் ‘மெய்குய்சியாங்’ என்றும் வழங்குகிறது. பழத்தை முகர்ந்து வைத்த இப்பெயர்கள், துறைமுகத்தைப் பார்த்து வைத்த ஆங்கிலப் பெயரைவிடப் பொருத்தமானவை.

பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் 1832இல் இதைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்ததாகப் பரவலாகச் சொல்லப்படுகிறது. ஸ்னோவின் கலப்பினம் அப்போது பிறக்கவே இல்லை. ஆகவே, வந்தது வேறொரு மஸ்கட்டாக இருக்க வேண்டும். அல்லது ஆண்டு பிழையாக இருக்க வேண்டும்.

குளிர்நாடுகளில் திராட்சை ஆண்டுக்கு ஒருமுறைதான் காய்க்கும். கம்பத்தில் கொடி உறங்குவதில்லை. தோட்டத்துக்குத் தோட்டம் கவாத்துக் காலத்தை மாற்றி வைப்பதால், ஆண்டு முழுவதும் எங்காவது அறுவடை நடக்கிறது. கம்பம் பன்னீர்த் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது.