தீப்பெட்டி ஊரும் தபால் பட்டமும்

விருதுநகர் நாடார்கள் வியாபாரத்தில் மகமை என்ற பொதுநிதிப் பங்கு பிடித்து 1885இல் சத்திரிய வித்தியாசாலையைத் தொடங்கினார்கள். உலை வைக்கும்போது வீட்டுக்கு வீடு ஒதுக்கி வைத்த பிடியரிசியும் அந்தப் பள்ளிக்குப் போனது. காமராஜர் படித்த பள்ளி அது. பிறகு கல்லூரிகள் வந்தன: 1947இல் விருதுநகரில் செந்திக்குமார நாடார் கல்லூரி, 1963இல் சிவகாசியில் அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரி, 1968இல் பெண்களுக்கென்று ராஜரத்தினம் கல்லூரி.

அதே காலத்தில்தான் விடியுமுன் தீப்பெட்டிக் கம்பெனி பஸ் சுற்றுக் கிராமங்களுக்கு வந்து பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போனது. தீக்குச்சிகளை வரிசையாகக் கட்டையில் அடுக்குவது, பெட்டி ஒட்டுவது, லேபிள் ஒட்டுவது எல்லாம் சின்ன விரல்களின் வேலை. எத்தனை கட்டையோ அவ்வளவு கூலி. சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்பளித்தது: ஆபத்தான தொழிலில் வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும். அதற்குள் ஒரு தலைமுறை பள்ளி வயதைத் தாண்டிவிட்டது.

அப்படி வளர்ந்தவர்களுக்குத் திறந்திருந்த கதவு, ‘கரஸ்’. மதுரைப் பல்கலைக்கழகம் 1971இல் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கியிருந்தது. பாடப் புத்தகம் தபாலில் வரும். வேலையை விடாமல் படித்து, பரீட்சைக்கு மட்டும் போனால் போதும். திறந்தநிலைப் படிப்பு என்ற பெயரில் இன்னொரு வழியும் வந்தது. பத்தாவதோ பன்னிரண்டாவதோ முடிக்காதவர்களும், வயது இருந்தால், அதில் பட்டம் வாங்க முடிந்தது. அண்ணாமலைப் பல்கலைக்கழகம் உட்படப் பலவும் இதை நடத்தின.

2009இல் இடி விழுந்தது. இளநிலைப் பட்டமே இல்லாமல் திறந்தநிலையில் பெற்ற முதுநிலைப் பட்டம் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பத்து, பன்னிரண்டு, அதன்பின் பட்டம் என்ற வரிசையில் படித்துப் பெற்ற பட்டம்தான் அரசு வேலைக்குச் செல்லும் என்று அதே ஆண்டு தமிழக அரசும் ஆணையிட்டது. சட்டப்படி சரியான முடிவாகவே இருக்கலாம். ஆனால் சேர்த்துக்கொண்டு, பரீட்சை வைத்து, பட்டமும் கொடுத்த பல்கலைக்கழகங்கள் செய்த தவறுக்குப் படித்தவர்கள் விலை கொடுத்தார்கள். அது அநியாயம்.

லாபக் கணக்கில் முளைத்த பல்கலைக்கழகங்களின் கதை இன்னும் மோசம். சத்தீஸ்கரில் 2002ஆம் ஆண்டுச் சட்டத்தை வைத்துத் தோன்றிய நூற்றுக்கும் மேற்பட்ட தனியார் பல்கலைக்கழகங்களை உச்ச நீதிமன்றம் 2005இல் ஒரே தீர்ப்பில் ரத்து செய்தது. அவற்றில் பல, கட்டடமே இல்லாதவை. அமெரிக்காவில் கொரிந்தியன் கல்லூரிகள் 2015இலும் ஐ.டி.டி. என்ற கல்வி நிறுவனம் 2016இலும் மூடப்பட்டு, மாணவர்கள் கடனோடு தெருவில் நின்றார்கள்.

இப்போது தபாலின் இடத்தில் செல்போன். அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தின் தொலைநிலை, இணையவழிப் பட்டங்கள் ரெகுலர் பட்டத்துக்குச் சமம் என்று யூ.ஜி.சி. 2022 செப்டம்பரில் தெளிவுபடுத்தியது. பட்டாசுக் கம்பெனியில் கணக்கு எழுதிக்கொண்டே பி.காம். படிக்க நினைப்பவருக்கு இது நல்ல செய்திதான். ஆனால் அனுமதி பல்கலைக்கழகத்துக்கு மொத்தமாகக் கிடைப்பதில்லை. எந்தப் படிப்பு, எந்த ஆண்டுச் சேர்க்கை என்று தனித்தனியாக யூ.ஜி.சி. பட்டியலில் இருக்கிறது. அண்ணாமலையின் தொலைநிலைப் படிப்புகளுக்கு 2014-15க்குப் பிறகு தன் அனுமதி இல்லை என்று அதே 2022 மார்ச்சில் யூ.ஜி.சி. அறிவித்தது. கட்டணம் எவ்வளவு என்று கேட்பதற்கு முன்பே அந்தப் பட்டியலைப் பார்த்துவிட வேண்டும்.