காற்றும் கணக்கும்: தமிழகக் காற்றாலைகளின் உடைமை வரலாறு (1986–2024)

முன்னுரை

தமிழகக் காற்றாலைகளைப் பற்றிய பேச்சு பொதுவாக ஆரல்வாய்மொழி, செங்கோட்டை, பாலக்காடு, கம்பம் ஆகிய கணவாய்களிலிருந்தே தொடங்கும். மேற்குத் தொடர்ச்சி மலையின் இவ்விடைவெளிகள் தென்மேற்குப் பருவக்காற்றைக் குவித்து விரைவுபடுத்துகின்றன என்பது உண்மையே. ஆயினும், காற்று எங்கு வீசுகிறது என்பதைக் கொண்டு, காற்றாலை யாருடைய உடைமையாயிற்று என்பதை விளக்க இயலாது. நூற்பாலைகள் முதன்மை உடைமையாளர்களுள் இடம்பெற்றதற்கும், வீடுகளும் உழவர்களும் அவ்வுடைமைக்கு வெளியே நின்றதற்கும் வரிவிதியும் மின்சட்டமும் மின்கட்டணமும் காரணங்களாயின என்பதை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முன்னோடி முயற்சிகள்

1973ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடிக்குப் பின் மாற்று எரிசக்தி குறித்த அக்கறை இந்தியாவில் வலுப்பெற்றது. 1982இல் மத்திய அரசு மரபுசாரா எரிசக்தித் துறையை உருவாக்கியது. வானிலை அறிவியலாளர் அன்னா மாணி முதலானோர் தொகுத்த இந்தியக் காற்றுத் தரவுகள் 1983இல் நூலாக வெளிவந்தன. 1986இல் தூத்துக்குடியை அடுத்த முள்ளக்காட்டில் செயல்விளக்கக் காற்றாலைப் பண்ணை அமைந்தது. அன்று நிறுவப்பட்ட எந்திரங்களின் திறன் 55 கிலோவாட் என்ற அளவினதே.

இதே காலத்தில் கிணற்றுநீர் இறைக்கும் காற்றாலைகளும் பரப்பப்பட்டன. ஆரோவில்லில் உருவான பல இதழ்க் காற்றாலை இவ்வகையைச் சார்ந்தது. ஆனால் 1984இல் சிறு உழவர்களுக்கும் 1990இல் உழவர் அனைவருக்கும் பம்புசெட்டு மின்சாரம் கட்டணமின்றி வழங்கப்பட்டது. இலவசமாக மின்சாரம் கிடைக்கும்போது முதலிட்டுக் காற்றாலை அமைக்க உழவருக்குத் தேவை எழவில்லை எனலாம். குறைந்த கட்டணத்தில் மின்சாரம் பெற்ற வீடுகளின் நிலையும் இத்தகையதே.

நூற்பாலைகளும் மூன்று வசதிகளும்

நூற்பாலையின் நிலை வேறு. இரவும் பகலும் இயங்கும் கதிர்களுக்கு மின்சாரம் பெருஞ்செலவாகும். உயரழுத்த மின்நுகர்வோர் செலுத்தும் கட்டணம் வீட்டுக் கட்டணத்தினும் மிகுதி. எனவே, சொந்தக் காற்றாலையில் விளையும் ஒவ்வொரு யூனிட்டும் விலையுயர்ந்த ஒரு யூனிட்டை ஈடுசெய்தது.

இதனைச் செயற்படுத்த மூன்று வசதிகள் துணைநின்றன. முதலாவது, 'வீலிங்' எனப்படும் மின்கடத்தல். முப்பந்தலில் உற்பத்தியாகும் மின்சாரத்தை மின்வாரியக் கம்பிகளின் வழியே கோவை ஆலையின் கணக்கில் சேர்க்க இது இடந்தந்தது. இரண்டாவது, 'பேங்கிங்' எனப்படும் மின்வைப்பு. பருவக்காற்றுக் காலத்தில் மிஞ்சிய யூனிட்டுகளை வரவு வைத்து, அந்நிதியாண்டுக்குள் பின்னர் எடுத்துக்கொள்ள இது உதவியது. மூன்றாவது, விரைவுபடுத்தப்பட்ட தேய்மானச் சலுகை. எந்திரத்தின் முழுவிலையையும் முதலாண்டிலேயே வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ள வரிவிதி இசைந்தது. இலாபம் ஈட்டும் நிறுவனமே இச்சலுகையால் பயன்பெற முடியும். வருமானவரி செலுத்தாத உழவருக்கு இது பொருளற்றது.

வரியின் பங்கு எத்தகையது என்பதைப் பின்னைய நிகழ்வுகள் உணர்த்துகின்றன. 1996இல் குறைந்தபட்ச மாற்றுவரி வந்தது. 1997இல் நிறுவன வரிவிகிதம் குறைந்தது. இரண்டும் தேய்மானச் சலுகையின் மதிப்பைக் குறைத்தன. 1990களின் நடுவில் காணப்பட்ட வேகம் தளர்ந்தது. 2012இல் தேய்மானச் சலுகையும் உற்பத்தி ஊக்கத்தொகையும் நிறுத்தப்பட்டதும், நாட்டின் புதிய நிறுவல் ஏறக்குறையப் பாதியாயிற்று. காற்று மாறவில்லை, கணக்கே மாறியது.

தட்டுப்பாடும் சுமையும்

2003ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டம் சொந்தப் பயன்பாட்டு உற்பத்திக்கு உரிமம் வேண்டாமென்றது. 26 விழுக்காட்டுப் பங்குரிமையும் 51 விழுக்காட்டு நுகர்வும் இருந்தால் பலர் கூடியும் மின்நிலையம் வைத்துக்கொள்ளலாம் என 2005ஆம் ஆண்டின் விதிகள் வரையறுத்தன. தனியே காற்றாலை வாங்க இயலாத சிறிய ஆலைகளுக்கும் இதனால் வழி திறந்தது. 2008 முதல் சில ஆண்டுகள் நீடித்த கடும் மின்தட்டுப்பாட்டில் இவ்வேற்பாடு ஆலைகளுக்குக் கைகொடுத்தது.

ஆனால் மின்வைப்பின் சுமை பிறிதோரிடத்தில் விழுந்தது. காற்று மிகுந்த காலத்தில் வரவு வைத்த யூனிட்டை, காற்று குறைந்த மாதங்களில் வாரியம் வேறிடத்தில் விலைக்கு வாங்கியேனும் திருப்பித்தர வேண்டும். அச்செலவு இறுதியில் பிற நுகர்வோரையும் அரசு மானியத்தையும் சேரும் என்பது வாரியத்தின் வாதம். பருவகாலத்தில் உற்பத்தியைக் குறைக்கச் சொல்வதால் தமக்கு இழப்பு என்பது உரிமையாளர் வாதம். இரண்டும் புறக்கணிக்கத்தக்கன அல்ல. 2018 மார்ச்சுக்குப் பின் இயக்கத்துக்கு வந்த காற்றாலைகளுக்கு ஓராண்டு மின்வைப்பு வசதி இல்லை.

முடிவுரை

முதலில் நிறுவப்பட்டமையால், மிகச் சிறந்த காற்றுள்ள நிலங்களில் மிகச் சிறிய எந்திரங்களே நிற்கின்றன. இன்றைய எந்திரம் ஒன்றின் திறன் 2 மெகாவாட்டுக்கும் மேல். முள்ளக்காட்டு எந்திரத்தைப் போல் முப்பத்தாறு மடங்கு. பழையனவற்றை அகற்றிப் புதியன அமைக்க 2024இல் தமிழக அரசு கொள்கை வெளியிட்டது. பழைய எந்திரத்துடன் பழைய மின்வைப்பு உரிமையும் போய்விடுமெனில், தேய்ந்த எந்திரத்தைக் காத்துவைப்பதே உரிமையாளருக்கு ஆதாயமாகத் தோன்றும். எனவே, புதுப்பிப்பின் வேகத்தை எந்திரநுட்பத்தைக் காட்டிலும் கணக்கு விதிகளே முடிவுசெய்யும் எனக் கருத இடமுண்டு. அவ்விதிகள் திருத்தப்படும்போது, கடந்த முறை வெளியே நின்ற வீட்டு நுகர்வோரையும் உழவர்களையும் கருத்திற்கொள்வது இன்றியமையாதது என்பது இவ்வரலாற்றால் புலனாகிறது.