நிழல் கற்பித்த கணக்கு

 

அண்மையில் மாணவர் ஒருவர் சென்னையின் கிப்லாவைக் கணக்கிட்டுவிட்டு, "ஹஜ்ரத், 72 பாகையும் பொருந்துகிறது, 252 பாகையும் பொருந்துகிறது. எந்தப் பக்கம் முன்னோக்கித் தொழுவது?" என்று கேட்டார். நல்ல கேள்வி. விடை காண நிழலிலிருந்து தொடங்க வேண்டும்.

இன்று டேன்ஜென்ட் எனப்படும் விகிதத்தை நம் முன்னோர் நிழல் என்றே அழைத்தனர். நட்ட குச்சியின் நிழலைக் குச்சியின் உயரத்தால் வகுத்தால், உச்சியிலிருந்து சூரியன் எவ்வளவு சாய்ந்துள்ளது என்பது தெரியும். அஸ்ர் நேரத்தை அறிய இக்கணக்கு தேவைப்பட்டது. 9ஆம் நூற்றாண்டில் பக்தாதில் ஹபஷ் அல்ஹாஸிப் நிழல் அட்டவணை வகுத்தார். அபுல் வஃபா அல்பூஸ்ஜானி (940–998) வட்டத்தின் ஆரத்தை ஒன்று எனக் கொண்டு அதனை எளிமையாக்கினார். அல்பீரூனி (973–1048) நிழலுக்கென்றே தனி நூல் யாத்தார். 1025இல் நிறைவு செய்த மற்றொரு நூலில் கஸ்னா நகரின் கிப்லாவைக் கணித்தார்.

உச்சிவேளையில் நிழலே இல்லாத நாளில், நிழல் குச்சியளவு நீளும்போது ஷாஃபிஈ மத்ஹபின்படி அஸ்ர் தொடங்குகிறது. டேன்ஜென்ட் 1, கோணம் 45 பாகை. 225 பாகைக்கும் அதே மதிப்புதான். ஆனால் அப்போது சூரியன் அடிவானத்தின் கீழே இருக்கும், நிழலேது? ஆகவே 45 பாகையே விடை.

கிப்லாவும் அவ்வாறே. சென்னைக்குரிய டேன்ஜென்ட் ஏறத்தாழ 3.09, கோணம் வடக்கிலிருந்து மேற்காக 72 பாகை. 180 பாகை திரும்பினால் அதே கோட்டின் மறுமுனையை நோக்குவோம். வடக்கு–தெற்கு அளவும் கிழக்கு–மேற்கு அளவும் ஒருசேரக் குறி மாறுவதால் விகிதம் மாறுவதில்லை. மக்கா நமக்கு மேற்கே இருப்பதால் 72 பாகையே சரி.

இஸ்தான்புல்லுக்கு இதே கணக்கைச் செய்தால் டேன்ஜென்ட் -0.54 வரும். கால்குலேட்டர் -28 பாகை என்னும், அது வடமேற்கு. அதை அப்படியே நம்பியவர் கஅபாவுக்கு முதுகைக் காட்டி நிற்பார்! மக்கா அந்நகருக்குத் தென்கிழக்கே உள்ளது. 180 கூட்டினால் 152 பாகை. வடக்கிலிருந்து கிழக்காக அளந்த அதுவே உண்மைத் திசை.

எண் இரு வழிகளைக் காட்டும். அவற்றுள் ஒன்றைத் தேர்வது நாம் நிற்கும் இடத்தை அறிந்த அறிவு. கருவி தரும் விடையோடு நின்றுவிடாமல் ஆராய்ந்து தெளியப் பிள்ளைகளைப் பழக்குவோம்.

வல்ல அல்லாஹ் பயனுள்ள கல்வியை நமக்கு அருள்வானாக! ஆமீன்.